கூப்பிடாமல் உள்ளே வராதவர்

அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கைவேலையைப் பார்த்துவிட்டேன். நகரியில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த புதிது. ஒரு நாள் காலையில் டாக்டர் வருவதற்கு முன்னால் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ முனகினார்கள். எட்டிப் பார்த்தால், தாடை ஒரு பக்கமாகக் கோணி, சட்டையெல்லாம் ரத்தமாக ஒருத்தன் கேட்டுக்கு வெளியே மண்ணில் கிடக்கிறான். அவன் பக்கத்தில் வாட்டசாட்டமான ஆள் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் முடி முளைக்காத ஒரு பெரிய தழும்பு. அவருக்கு எதிரே தரையில் ஒரு கொத்து வேர்க்கடலை, செடியோடு பிடுங்கியது.

"யாருங்க அடிச்சது?" என்றேன்.

"நாந்தான்."

"யோவ், அடிச்சதுதான் அடிச்சீங்க, உள்ளே தூக்கிக்கிட்டு வரக்கூடாதா? ரத்தம் கொட்டுது!"

"நீ கூப்புடலியே. இப்ப கூப்டே, வர்றேன்" என்று எழுந்து, அந்த ஆளைக் கோணி மூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வேர்க்கடலையை என்னிடம் நீட்டினார். ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டேன். உடனே இரண்டு உள்ளங்கைகளையும் குழித்துக்கொண்டு மூன்று தரம் தட்டினார். காலிக் குடத்தைத் தட்டினாற்போல் 'தொப் தொப்' என்று ஒரு சத்தம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருத்தன் தாடை பிளந்து கிடக்கிறான், இந்த ஆள் பஜனை பண்ணுகிறார்.

"எதுக்கு அடிச்சீங்க?"

"என் களத்துல கேக்காம நொழஞ்சான்."

"திருடவா?"

"இல்ல. குறுக்கு வழின்னு போய்க்கினு இருந்தான்."

அவ்வளவுதான் காரணம். குறுக்கே நடந்ததற்கு ஒரு தாடை.

ஊரில் அவரைப் 'பீஜிக்காரர்' என்பார்கள். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். பரம்பரையாகத் தமிழ்க் குடியானவர்கள். அவருக்குக் கரும்பு, வேர்க்கடலை, கொஞ்சம் நெல். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன் ரத்தினம். வாலிபத்தில் பீஜித் தீவுக்குப் போய் இரண்டு வருஷம்போல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர் என்பதுதான் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த சேதி. அங்கே போய்ப் புத்தி பேதலித்துவிட்டது என்பது எல்லோருடைய முடிவு.

அவருடைய பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கூப்பிடாமல் எந்த வீட்டுக்குள்ளும், எந்த ஊருக்குள்ளும் கால் வைக்கமாட்டார். எல்லையில் தலைப்பாகையைக் கழற்றி உட்கார்ந்துவிடுவார். கையில் எதையாவது கொண்டுவருவார். கரும்பு இரண்டு, கத்தரிக்காய் நாலு. யாராவது வந்து "வாங்க" என்று சொன்னால்தான் எழுந்திருப்பார். சொந்த அக்கா மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிகிற வரை பந்தலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாராம். வேலை மும்முரத்தில் அவரைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா வந்து அழுது அழைத்துப் போனாள். உட்கார்ந்திருக்கிறவர்களைக் கடந்து போகவேண்டுமானால் அத்தனை பெரிய உடம்பைக் குனிந்து குறுக்கிக்கொண்டு, "துலோ, துலோ" என்று முணுமுணுத்தபடி போவார். எங்கள் பெஞ்சில் காத்திருக்கும் நோயாளிகள், ஏதோ மந்திரம் போடுகிறார் என்று காலை மடக்கிக்கொள்வார்கள். 'மன்னிக்கணும், வழி விடுங்க' என்பதற்கு அந்தத் தீவில் சொல்கிற சொல் அது என்று எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

இதெல்லாம் சாதுவான பைத்தியம். ஆனால் அதே மரியாதையை அவர் மற்றவர்களிடமும் எதிர்பார்த்தார். எதிர்பார்த்தார் என்பது தப்பு, வசூலித்தார். கேட்காமல் அவர் நிலத்தில் மாட்டை ஓட்டினவனுக்கு முழங்கை போயிற்று. கேட்காமல் அவர் வீட்டுக் கூடத்துக்குள் செருப்போடு வந்த தரகனைத் தூக்கி வாசல் படிக்கட்டில் எறிந்தார், அவனுக்குத் தோள்பட்டை. எலும்பு என்றால் புத்தூர் கட்டுக்கு அனுப்புவோம், தோல் கிழிந்தால் நாங்களே தைப்போம். அவர் தயவில் இரண்டு தரப்புக்கும் வேலை குறையவில்லை. டாக்டர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. டாக்டர் சனிக்கிழமை தவறாமல் திருப்பதிக்குப் போய், அலிபிரியிலிருந்து மலை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவார். பீஜிக்காரர் கைவரிசையும் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் இருக்கும். உதிர்ந்த பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான்தான் பதில் சொல்லவேண்டும்.

ஒன்று மட்டும் உண்டு. அடித்தவனை அவரே சுமந்துகொண்டு வருவார். சிகிச்சை முடிகிற வரை கூடவே உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் அவனுக்கு எதிரே மண்டியிட்டு எதையாவது நீட்டுவார். அவன் வாங்கிக்கொண்டால் கையைத் தட்டுவார். அதற்கப்புறம் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வராது. வாங்காதவன் எவனும் இல்லை. பயம்தான், வேறென்ன?

அந்தத் தீவைப் பற்றி அவர் சும்மா இருக்கும்போது பேசமாட்டார். ஒரு தரம் கரும்புத் தகராறில் யாரோ அரிவாளால் அவர் தோளைக் கொத்திவிட்டார்கள். மரத்துப்போகிற மருந்து தீர்ந்துபோயிருந்தது. ஊசி ஏறின உடனே வாயைத் திறந்தார். தையல் முடிகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். வலியை மறக்க ஒருவன் சாமி பேரைச் சொல்வான், ஒருவன் என் அம்மாவைத் திட்டுவான். அவர் தீவைச் சொன்னார்.

"எங்க அண்ணன் கிர்மிட்டுல, ஒப்பந்தக் கூலியா, கரும்பு வெட்டப் போனவன். ஒப்பந்தம் முடிஞ்சும் அங்கியே தங்கிட்டான். நைனா சாவும்போது, அவனைக் கூட்டிக்கினு வாடான்னு சொல்லிச்சு. அதுக்குத்தான் போனேன். கப்பல்ல வாரக் கணக்கா வெறும் தண்ணி. ஒலகமே முடிஞ்சுபூட்டுது, இனிமே கரையே கெடையாதுன்னு நெனச்சிக்கினு கீறேன், அப்ப ஒரு நா காத்தால பச்சையா மலை நிக்குது கடலுக்கு நடுவுல. நம்ம மூக்கு மலை கணக்கா."

நகரியில் எங்கிருந்து பார்த்தாலும் அந்த மூக்கு மலை தெரியும். எங்கள் ஜன்னல் வழியாகவும் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே பேசினார். அந்த மண் முழுவதும் அந்தத் தீவின் பூர்வ குடிகளுடையது, அண்ணன் குத்தகைக்கு வாங்கித்தான் கரும்பு போட்டிருந்தான் என்றார். கிழங்கைச் சூடான கல்லுக்குள் புதைத்து வேகவைப்பார்கள் என்றார். ஒரு வேரை இடித்துக் கரைத்த கசப்புத் தண்ணீரை, ஒரே கொட்டாங்குச்சியில் எல்லோரும் முறை வைத்துக் குடிப்பார்கள், நாக்கு மரத்துப்போகும் என்றார்.

"அதக் கொண்டாந்திருந்தா இப்ப எனக்கு உதவியிருக்கும்" என்றேன்.

"ஊசியக் குத்து, பேசாத" என்றார்.

அண்ணன் நிலம் இருந்த ஊரின் பெரியவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. மண்ணுக்குச் சொந்தக்காரர், இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளி போய் வணக்கம் சொல்லாமல் இருந்தால் என்ன மரியாதை? அண்ணன், "பொறு, நான் கூட வர்றேன், அங்க ஒரு மொற கீது" என்றிருக்கிறான். இவர் பொறுக்கவில்லை. அவன் கரும்பு வெட்டப் போனதும், நம் ஊரில் பெரிய மனிதர் வீட்டுக்குப் போகிறவன் எப்படிப் போவானோ அப்படிப் புறப்பட்டுவிட்டார். புது வேட்டி, புது ஜிப்பா. பெட்டியில் மடித்துக் கொண்டுபோயிருந்த ஜரிகைத் தலைப்பாகை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு நடுவில் இருந்த புல்வெளியில் கம்பீரமாக நடந்தார். ஒரு குழந்தை வேடிக்கை பார்க்க ஓடிவந்தது. நன்றாயிரு என்று அதன் தலையில் கையை வைத்தார்.

"அங்க தல மூடிக்கினு ஊருக்குள்ள போறது, செருப்பால அடிக்கற மாதிரி. கொழந்தை தலையில கைய வெக்கறது அதவுட மோசம். நமக்கு அதான மரியாதை? அதான ஆசீர்வாதம்? எனக்கு இன்னா தெரியும்? தடிய எடுத்தாங்க. நானும் சொம்மா இல்ல. ரெண்டு பேரு கைய ஒடிச்சேன். அப்பறம் மண்டையில ஒண்ணு வுழுந்துது, அவ்ளோதான்."

அண்ணன் வந்து தூக்கிப் போனான். கண் விழித்ததும், கரும்பு வெட்டுகிற கத்தியைத் தேடினாராம். அத்தனை பேரையும் வெட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறுவது என்று முடிவு. அடித்தவர்களே ஒரு நாள் வந்தார்கள். வந்து, அண்ணன் வீட்டு வாசலுக்கு வெளியே மண்ணில் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். மழை பெய்தது. எழுந்திருக்கவில்லை. மூத்தவன் இரண்டு கையாலும் ஒரு திமிங்கிலப் பல்லை ஏந்திக்கொண்டிருந்தான்.

"கத்திய எடுத்துக்கினு வெளியே வந்தேன். அண்ணன் சொன்னான், வெட்டறதுன்னா வெட்டு, அவங்க கைய தூக்க மாட்டாங்க. வாங்கிக்கிறதுன்னா வாங்கிக்க, அதோட முடிஞ்சுது, சாவற வரைக்கும் இத பத்தி ஒரு பேச்சு கெடையாதுன்னான். ரொம்ப நேரம் நின்னேன், கம்போண்டரே. மழையில அவன் கையி நடுங்குது. கீழ எறக்கல."

"வாங்கினீங்களா?"

"வாங்கினேன். இவங்கதான் மனுசங்கன்னு தோணிச்சு. அப்பறம் அங்கியே கெடந்தேன் ரெண்டு வருசம். வுலாங்கின்னு கூப்புடுவாங்க. வுலாங்கின்னா, வந்தவன். கேட்டுட்டு வந்தவன்." நான் நூலை அறுத்தேன். அவர் பேச்சும் அறுந்தது. அண்ணனை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டேன். "அவனுக்கு அங்க எடம் கெடச்சிட்டுது, இங்க இன்னா கீது?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, "துலோ, துலோ" என்று வெளியே போனார்.

அந்தப் பல்லை நான் பிறகு ஒரு தரம் பார்த்தேன். ஒரு சாண் நீளம், எண்ணெய் ஏறி மஞ்சளித்து, இரு முனையிலும் தென்னை நார்க் கயிறு. மாட்டுக் கொம்பைவிடக் கனம். பெட்டியில் ஜரிகைத் தலைப்பாகைக்குள் சுற்றி வைத்திருந்தார்.

பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன எல்லைத் தகராறு வந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்தது. நாங்கள் எந்தப் பக்கம் என்பது தீராத வழக்காக வருஷக் கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரே சந்தையில் கத்தரிக்காய் விற்றவர்கள், பாதி வாக்கியம் தமிழிலும் பாதி தெலுங்கிலும் பேசியே வாழ்க்கையை ஓட்டியவர்கள், திடீரென்று ஒருத்தன் வாயைப் பார்த்து ஒருத்தன் கல்லை எடுத்தார்கள். ஒரு நாள் தமிழ்ப் பலகைக்குத் தார், மறுநாள் தெலுங்குப் பலகைக்குத் தார். நான் அந்த வருஷங்களில் தைத்த மண்டைகளில் தமிழ் மண்டை எது, தெலுங்கு மண்டை எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளே எல்லாம் ஒரே சிவப்புதான். இரண்டு தரப்பு மேலும் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பீஜிக்காரர் இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. "நம்மள ஒருத்தனும் கேக்கலியே" என்பார். மகன் ரத்தினம் சேர்ந்தான். நெஞ்சளவு அப்பனைப் போல, கோபமும் அப்படியே. அப்பனிடம் இருந்த அந்த ஒரு பைத்தியம்தான் அவனிடம் இல்லை.

கடையடைப்பு அன்று பஸ் நிறுத்தத்தில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டது. ரத்தினம் எறிந்த கல் நாகராஜு என்கிறவன் கண்ணில் விழுந்தது. நகரி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தெலுங்கு ஊர்ப் பையன். பலகையை எழுதவும் வரவில்லை, அழிக்கவும் வரவில்லை. பஸ்ஸுக்கு நின்றவன். அவனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம்தான் வந்தார்கள். கண் இருந்த இடத்தைப் பார்த்தேன். டாக்டர் கட்டுப் போட்டுச் சித்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவன் அம்மா மங்கம்மா கூடப் போனாள். நினைவு திரும்பவில்லை, பிழைப்பது கஷ்டம் என்று சேதி வந்துகொண்டிருந்தது. அவனுக்கு இரண்டு அண்ணன்கள். ரத்தினத்தின் தலையை எடுக்காமல் க்ஷவரம் பண்ணிக்கொள்வதில்லை என்று கோயில் முன்னால் சத்தியம் செய்தார்கள்.

நாலு நாள் கழித்து எங்கள் கேட்டுக்கு வெளியே பீஜிக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது.

"உள்ளே வாங்க" என்று நானே ஓடிப்போய்க் கூப்பிட்டேன். "யாரு அடிச்சது?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான்.

மகனைக் கட்டிலில் கிடத்திவிட்டு, "இவன் இங்கியே கெடக்கட்டும். நா அக்கரைக்குப் போறேன்" என்றார். அப்போதுதான் அவர் இடுப்பில் அந்தப் பல்லைத் தலைப்பாகைத் துணியில் சுற்றிச் செருகியிருந்ததைக் கவனித்தேன்.

"உங்களுக்கென்ன நெஜமாவே பைத்தியமா? அந்த வழக்கமெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அப்ப எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

"வெட்டிடுவாங்க, பெரியவரே."

"என்ன வெட்டினா, இவன வெட்ட மாட்டாங்க இல்ல" என்றார். அவ்வளவு நிதானமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கட்டிலில் கிடந்த ரத்தினம், "நைனா, போவாத" என்றான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை. நானும் கூடப் போனேன். நாகராஜுவுக்குக் கட்டுப் போடக் கூட நின்றவன் என்கிற முறையில் எனக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கும் என்று நம்பினேன். ஆற்று மணலைக் கடந்ததும், "நீ இங்கியே நில்லு" என்று ஒரு புங்க மரத்தடியில் என்னை நிறுத்திவிட்டார். ஊர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றினார். வெறும் தலையில் அந்தத் தழும்பு வெயிலில் பளபளத்தது. பல்லை இரண்டு கையாலும் ஏந்தித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதலில் பெண்கள்தான் பார்த்தார்கள். பார்த்தது என்ன? பையன் சாகக் கிடக்கிறான். கல்லெறிந்தவனின் அப்பன் துக்கக்காரனைப் போல வெறும் தலையோடு, வெற்று மார்போடு ஊர் எல்லையில் உட்கார்ந்து, கயிறு கட்டின ஒரு எலும்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். எந்த ஊரிலும் இதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கு அது அந்த நொடியில்தான் உறைத்தது. "சேதபடி! சேதபடி சேஸ்துன்னாடு!" என்று ஒருத்தி அலறினாள். செய்வினை வைக்கிறான் என்று. பையனை முடிக்க வந்திருக்கிறான் என்று.

அண்ணன்மார் இருவரும் உலக்கையோடு வந்தார்கள். பின்னால் ஊரே வந்தது. நான் ஓடினேன், "காது, காது", அது இல்லை, அது இல்லை என்று தெலுங்கில் கத்திக்கொண்டு. யாரோ என் முதுகில் ஒன்று போட்டார்கள். முகம் குப்புற மணலில் விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது உலக்கை அவர் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது கையில். அந்தப் பல்லைக் கீழே போட வைக்கவேண்டும் என்பதற்காகவே கையைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். விரல்கள் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் இறக்கவில்லை. நினைத்திருந்தால் அந்த இரண்டு பேரையும் ஒரு கையால் மடக்கிப் போட்டிருப்பார். குறுக்கே நடந்தவன் தாடையை உடைத்த மனிதர், விரல் ஒவ்வொன்றாக முறிய முறிய, "கூப்புடுங்க, வர்றேன். கூப்புடுங்க, வர்றேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மணலில் கிடந்து அழுதேன். அவர் கைகள் தாமாகவே தொங்கின பிறகுதான் பல் கீழே விழுந்தது.

அந்த நேரத்துக்கு மங்கம்மா சித்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆற்றைக் கடந்து வந்தாள். பையன் பிழைத்துவிட்டான், மிச்சமிருந்த ஒரு கண்ணைத் திறந்து அம்மா என்றான் என்று சொல்ல வந்தவள். மகன்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தாள். நான் மணலைத் துப்பிவிட்டு, தெரிந்த தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். தீவு, பல், மன்னிப்பு. கேட்டுக்கொண்டாள். கீழே கிடந்ததைப் பார்த்தாள்.

"இதி தீஸ்குண்டே நா பிட்டகி கன்னு ஒஸ்துந்தா?" என்றாள். இதை வாங்கிக்கொண்டால் என் பிள்ளைக்குக் கண் வருமா?

அவள் அதைத் தாண்டிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டாள்.

மாட்டு வண்டியில் அவரைப் போட்டுக்கொண்டு புத்தூருக்குப் போய்க் கையிரண்டுக்கும் கட்டுப் போட்டு, கிழிந்த இடங்களைத் தைக்க எங்களிடமே கொண்டுவந்தேன். தோளிலிருந்து விரல் நுனி வரை மூங்கில் பத்தையும் துணியுமாக இரண்டு பொம்மைக் கைகள். இந்தத் தடவை ஊசி ஏறினபோது அவர் தீவைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ரத்தினம் கண்ணை மூடாமல் கிடந்தான். அப்பனுக்குக் கஞ்சி ஊட்டுவதற்கு மட்டும் எழுந்தான். அவன் மெத்தைக்கு அடியில் ஒரு அரிவாளை அவன் கூட்டாளிகள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். விலா கூடட்டும் என்று காத்திருந்தான்.

அக்கரையில் அந்தப் பல் எல்லைக் கல் பக்கத்திலேயே கிடந்ததாம். தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை. மாடுகளைக்கூட அந்த வழியாக ஓட்டவில்லை. கடைசியில் ஒரு நாள் மங்கம்மா போய் வெறும் கையால் எடுத்து வந்து, மகன்களுக்கு எதிரே வைத்தாளாம். "கையைத் தூக்காதவனை அடிச்சிருக்கீங்க. அவன் எப்படி உட்கார்ந்தானோ அப்படிப் போய் உட்காருங்க. அவன் மகன் வெட்டினா வாங்கிக்கிட்டு வாங்க" என்றாளாம். இதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

அன்று காலை நான் கேட்டைத் திறக்கப் போனபோது வெளியே மண்ணில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். வாரக் கணக்காக மழிக்காத தாடி. தலைத்துண்டு மடியில். மூத்தவன் கையில் பல். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான். உள்ளே வந்து அவரிடம் சொன்னேன்.

அவர் தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மகனிடம், "ரத்தினம், போய் கூப்புடு" என்றார்.

ரத்தினம் எழுந்தான். மெத்தைக்கு அடியில் கையை விட்டான்.

"அதயும் எடுத்துக்கினு போ" என்றார் அவர். "நானும் எடுத்துக்கினுதான் போனேன்."

அவனைத் தடுக்க எனக்குத் தெம்பில்லை. அரிவாளோடு வாசலுக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். மூத்தவன் பல்லைத் தலைக்கு மேல் தூக்கினான். கழுத்து நன்றாக நீண்டு தெரிந்தது. அந்தக் கழுத்தைத் தைக்க முடியாது என்று, கம்பவுண்டர் புத்தி, எனக்கு ஒரு கணக்கு ஓடியது. ரத்தினத்தின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது மேலும் கீழும் ஏறி இறங்கிற்று.

அரிவாளைக் கீழே போட்டான். போட்ட கையாலேயே ஓங்கி விட்டான் ஒரு அறை. மூத்தவன் பக்கவாட்டில் சரிந்து மண்ணில் விழுந்தான். உதடு பிளந்து ரத்தம் தாடியில் வழிந்தது. தம்பி துள்ளி எழுந்தான். மூத்தவன் விழுந்த இடத்திலிருந்தே அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பல்லை மறுபடியும் தூக்கிப் பிடித்தான்.

ரத்தினம் விலாவைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே அவனுக்கு எதிரே உட்கார்ந்தான். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்குள் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மூங்கில் பத்தை வைத்த இரண்டு கைகளையும் சேர்க்கப் பார்த்தார். அவை சேரவில்லை. மறுபடியும் பார்த்தார். அந்தக் கைகள் அதற்கப்புறம் ஒரு நாளும் மடங்கவில்லை, யாரையும் அடிக்கவும் இல்லை.

நான் என் உள்ளங்கைகளைக் குழித்துக்கொண்டு அவருக்காக மூன்று தரம் தட்டினேன். சத்தம் அவர் தட்டுவதுபோல் வரவில்லை, ஆனாலும் அவருக்குக் கேட்டிருக்கும். பிறகு, மண்ணில் உட்கார்ந்திருந்த மூத்தவனைப் பார்த்து, "உள்ளே வாப்பா, உதட்டுக்குத் தையல் போடணும்" என்றேன்.